தோலா, கைடெக்ஸா, ஹைப்ரிடா: ஏழு வருஷம் இடுப்புல வெச்சுப் பாத்த அனுபவம்

ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கியை இடுப்புல வைக்கிற உறை, கைக்கு வந்த முதல் வாரத்துல எழுதுற ரிவ்யூ ஏகப்பட்டது இருக்கு, அதுல எல்லாமே நல்லாதான் இருக்கும், ஏன்னா புதுசா இருக்கும்போது எந்த ஹோல்ஸ்டரும் நல்லாதான் இருக்கும். ஆனா தினமும் பத்து பன்னெண்டு மணி நேரம் உடம்போட ஒட்டி, வேர்வைல ஊறி, உக்காந்து எந்திரிச்சு, ரெண்டு மூணு வருஷம் போன பிறகு அந்தப் பொருள் என்னவா மாறுதுங்கறதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், அதான் இதை எழுதுறேன். லைசென்ஸ் வாங்கி முறைப்படி மறைச்சு எடுத்துட்டுப் போறவங்களுக்கு மட்டும்தான் இது.

முதல்ல என்கிட்ட இருந்தது அஞ்சு ரவுண்டு ரிவால்வர், அப்புறம் க்ளாக் 19ங்கற பிஸ்டலுக்கு மாறினேன். முழுசா லோடு பண்ணினா கிட்டத்தட்ட 850 கிராம் வரும், அவ்வளவு வெயிட்டு நாள் பூரா பேண்டுக்குள்ள தொங்கும். முதல் நாலு வருஷம் வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னாடி வெச்சுட்டு இருந்தேன், கடைசி மூணு வருஷமா முன்பக்கம் அடிவயித்துக்கிட்ட, அப்பெண்டிக்ஸ் பொசிஷன்னு சொல்ற இடத்துல.

மெட்டீரியல் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஹோல்ஸ்டர் என்ன வேலை செய்யணும்னு ஒரு தெளிவு வேணும். ட்ரிகர் கார்டு, அதாவது ட்ரிகரைச் சுத்தி இருக்கிற வளையம், முழுசா மூடியிருக்கணும், அதுவும் வெளியில இருந்து விரலால நல்லா அமுக்கினாலும் அந்த இடம் உள்ள அமுங்கி ட்ரிகரைத் தொடக்கூடாது. ஓடினாலும் குனிஞ்சாலும் துப்பாக்கி அசையாம நிக்கணும். துப்பாக்கியை உருவின பிறகும் ஹோல்ஸ்டரோட வாய் திறந்தே இருக்கணும், அப்பதான் இன்னொரு கை உதவி இல்லாம திரும்ப வைக்க முடியும். இந்த மூணாவது விஷயத்தை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. க்ளாக் மாதிரி துப்பாக்கில தனியா போட்டு எடுக்கற சேஃப்டி லீவர் கிடையாது, சேஃப்டியே ட்ரிகர்ல தான் இருக்கு, அதை அமுக்கறது விரலா சட்டைத் துணியா மடங்குன தோலான்னு அதுக்குத் தெரியாது. எது உள்ள போய் அமுக்கினாலும் வெடிக்கும்.

நைலான் பத்தி ரொம்பப் பேச ஒண்ணும் இல்ல. எல்லா துப்பாக்கிக்கும் பொருந்தும்னு சொல்லி விக்கிற துணிப்பை மாதிரியான ஹோல்ஸ்டர் ஒண்ணு ஆரம்பத்துல ஒரு மாசம் போட்டேன். துப்பாக்கியை எடுத்த உடனே பை மாதிரி சப்பிப் போயிடுது, ட்ரிகர் மேல விரலால அமுக்கினா ட்ரிகர் அப்படியே கையில தெரியுது. எல்லாத்துக்கும் பொருந்தறது எதுக்குமே சரியாப் பொருந்தாது. தயவு செஞ்சு அதுல காசைப் போடாதீங்க.

அடுத்து தோல். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், இப்பவும் மனசு அங்கதான் போகும். மாட்டுத் தோல், மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தினது, 3 மில்லிமீட்டருக்கு மேல தடிமன். வந்த அன்னைக்கு துப்பாக்கி உள்ளேயே போகல, அவ்வளவு டைட்டு. துப்பாக்கியை காலி பண்ணி, குண்டு உக்கார்ற சேம்பரை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டு, மெல்லிசு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள தள்ளி ராத்திரி பூரா விட்டேன், அதுக்கப்புறம் வழிக்கு வந்துச்சு. ரெண்டு மூணு வாரத்துல இடுப்போட வளைவுக்கு ஏத்த மாதிரி அதுவே வளைஞ்சுக்கிச்சு, உக்காந்தா குத்தாது, சத்தம் போடாது, துப்பாக்கியோட கருப்பு ஃபினிஷையும் கீறாது. முழு நாள் போட்டும் இருக்கறதே தெரியாத சுகம் தோல்ல மட்டும்தான் எனக்குக் கிடைச்சுது.

பதப்படுத்தற முறையை மட்டும் கண்டிப்பா கேட்டு வாங்குங்க. குரோமியம் உப்புல பதப்படுத்தின தோல் மெத்துன்னு இருக்கும், பை, ஜாக்கெட் எல்லாம் தைக்க நல்லது, ஆனா மோல்டு பண்ணின ஷேப்பைப் பிடிச்சு வைக்காது, அதுல மிச்சம் இருக்கிற உப்பு இரும்பையும் அரிக்கும். ஹோல்ஸ்டருக்கு பட்டைச் சாறு முறைதான். அதுக்காக இதுலயும் துப்பாக்கியை வாரக்கணக்குல போட்டு பீரோல வெச்சுடாதீங்க. தோல் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். என் ரிவால்வரை அப்படித்தான் ஒரு மழைக் காலத்துல மூணு வாரம் விட்டுட்டேன், எடுத்துப் பாத்தா சிலிண்டர் ஓரத்துல பொடிப்பொடியா துரு. எண்ணெய் போட்டுத் தேச்சு எடுத்தாச்சு, ஆனா ப்ளூயிங், அதான் இரும்பு மேல இருக்கிற கருநீல ஃபினிஷ், போன இடம் போனதுதான். குதிரைத் தோல் இன்னும் அடர்த்தி, வேர்வை உள்ள இறங்கறது கம்மி, சீக்கிரம் தளராதுன்னு சொல்வாங்க, நண்பர் ஒருத்தரோடதை கையில வாங்கிப் பாத்தப்ப நிஜமாவே பலகை மாதிரி விறைப்பா இருந்துச்சு, நான் போட்டு ஓட்டினதில்ல.

தோல்ல நான் பயந்த நாள் ஒண்ணு இருக்கு. ரெண்டரை வருஷம் தாண்டியாச்சு, வாய்ப்பக்கம் லேசா தளர்ந்திருந்துச்சு, பழகிப் போச்சுன்னு சந்தோஷமா நினைச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுல காலித் துப்பாக்கியை வெச்சு உருவி உருவி ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருக்கேன், திரும்ப உள்ள வைக்கும்போது பாதியில ஏதோ தடுக்குது. அங்கேயே நிறுத்திட்டு ஹோல்ஸ்டரோட சேத்து பெல்ட்ல இருந்து கழட்டி வெளிச்சத்துல பாத்தா, வாயோட ஓரம் உள்பக்கமா மடிஞ்சு ட்ரிகர் கார்டுக்குள்ள நுழைஞ்சிருக்கு. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தா ட்ரிகர் இழுபட்டிருக்கும். அன்னைக்கு லோடு பண்ணாம இருந்ததால ஒண்ணும் ஆகல. அந்த மடிப்பு ஒரே நாள்ல வரல, ரெண்டரை வருஷமா தினமும் துளித்துளியா வந்திருக்கு, தினமும் கையாள்ற எனக்கே தெரியல. தோல் கெட்டுப் போறதை சொல்லிட்டுக் கெடாது, நீங்க சுகம்னு நினைக்கிற அதே இளக்கம்தான் அது கெடறதுக்கான ஆரம்பம். வாய்ல உலோகப் பட்டை வெச்சுத் தைச்சதா இருந்தா இது ரொம்ப நாள் தள்ளிப் போகும், என்னோடதுல அது இல்ல. இன்னொரு தப்பும் நான் பண்ணியிருக்கேன், தோல் காயக்கூடாதுன்னு மாசாமாசம் எண்ணெய் தடவினேன், அது இன்னும் சீக்கிரம் இளக வெச்சிருச்சு. ஷூவுக்குத் தடவற மாதிரி ஹோல்ஸ்டருக்குத் தடவக்கூடாது.

அதுக்கப்புறம் ரெண்டோட நல்லதும் கிடைக்கும்னு ஹைப்ரிட் வாங்கினேன். உடம்புப் பக்கம் அகலமான தோல் தகடு, வெளிப்பக்கம் கைடெக்ஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக்ல செஞ்ச ஓடு. முதல் ஆறு மாசம் இதை விட சுகமா எதுவும் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா பின்பக்கத் தோல்தான் நேரா வேர்வையைக் குடிக்குது, ஒரு வருஷத்துல அது துவண்டு போய் மேல் ஓரம் துப்பாக்கி பக்கம் சாஞ்சு வர ஆரம்பிச்சுது, அதாவது விட்டு வந்த அதே பிரச்சினை. ஓடும் தோலும் ஸ்க்ரூவால மட்டும் பிடிச்சிருக்கறதால, தோல் மெலிஞ்சதும் பிடிமானமும் தளருது. பின்னாடி இடுப்புல வைக்கறவங்க, தோல் தகட்டை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த ரெடியா இருக்கறவங்க யோசிக்கலாம். முன்பக்கம் வைக்கறவங்களுக்கு வேண்டவே வேண்டாம், ஏன்னா அங்க துப்பாக்கி எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப மூணு வருஷமா முழு கைடெக்ஸ். இது அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக், 1965ல ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி விமானத்தோட உள்பாகங்களுக்காக கொண்டு வந்த பொருள். தகட்டை 170, 180 டிகிரி செல்சியஸ் வாக்குல சூடு பண்ணினா துணி மாதிரி தொங்கும், அப்ப அச்சு மேல போட்டு அழுத்தி ஆற விட்டா அதே ஷேப்ல கெட்டியாயிடும். அதனாலதான் ஒவ்வொரு மாடலுக்கும் தனி ஹோல்ஸ்டர், க்ளாக் 19க்கு செஞ்சதுல வேற கம்பெனி துப்பாக்கி சரியா உக்காராது, டார்ச் மாட்டினா அதுக்கும் வேற ஹோல்ஸ்டர் தேடணும். ட்ரிகர் கார்டு உள்ள போய் உக்காரும்போது டக்குன்னு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தமே சரியா உக்காந்துச்சுங்கறதுக்கு சாட்சி. மூணு வருஷத்துக்கு அப்புறமும் வாய் ஒரு துளி கூட அசையல, வேர்வை பட்டா தண்ணில கழுவி துடைச்சா முடிஞ்சுது.

குறை இல்லாம இல்ல. முதல் மாசம் அடிவயித்துல சிவந்து போற அளவுக்குக் குத்துச்சு. ஓரத்தை நைஸ் உப்புத்தாள் வெச்சு மழுக்கி, கீழ்ப்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு ஃபோம் வெட்ஜ் ஒட்டின பிறகு குத்தல் போச்சு, கூடவே துப்பாக்கியோட பிடி வயித்துப் பக்கம் சாஞ்சதால அது சட்டைல துருத்தறதும் குறைஞ்சுது. தூசி, மணல் உள்ள போனா துப்பாக்கியோட மேல்பாகமான ஸ்லைடுல கோடு விழும், பொருளை விட அந்த மணல்தான் கீறுது, அதனால வாரம் ஒரு தடவை உள்ள துடைக்கறேன். பிடிமானம் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ நடந்து நடந்து தானா கழண்டு வரும், எனக்கு ஒரு தடவை கிளிப் ஸ்க்ரூவே காணாமப் போச்சு, இப்ப ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை, நீல கலர் த்ரெட் லாக்கர், ஒரு சொட்டு போட்டுத்தான் முறுக்கறேன், சிவப்பு போட்டா அப்புறம் கழட்டறது பெரிய பாடு. வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுல ஹோல்ஸ்டரை விட்டுட்டுப் போகாதீங்க, சூட்டுல ஷேப் மாறினா பிடிமானம் போயிடும்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், எந்த மெட்டீரியல் வாங்கினாலும் சாதா பெல்ட்டோட போட்டா எதுவும் சரியா நிக்காது. நான் கைடெக்ஸ் குத்துதுன்னு திட்டின முதல் மாசத்துல பாதிக் குத்தம் பெல்ட்டோடது, விறைப்பான பெல்ட் மாத்தினதும் ஹோல்ஸ்டர் சாயறது நின்னுது.

ஆக முன்பக்கம் வைக்கறவங்களுக்கும், வேர்வை ஜாஸ்தி வர்றவங்களுக்கும் என் பதில் கைடெக்ஸ். பெல்ட்டுக்கு வெளியில, கோட்டுக்குள்ள மறைச்சு வைக்கறவங்க வாய்ல பட்டை வெச்ச நல்ல தோல் வாங்கலாம், ஆனா மாசம் ஒரு தடவை துப்பாக்கி இல்லாம வெறும் ஹோல்ஸ்டரை பெல்ட்ல போட்டு கண்ணாடி முன்னாடி உக்காந்து எந்திரிச்சு வாய் மூடுதா பாருங்க, மூடுச்சுன்னா அன்னைக்கே நிறுத்திடுங்க. உள்ள வைக்கும்போது அவசரமே வேண்டாம், சட்டையைத் தூக்கிப் பிடிச்சு, கண்ணால பாத்துக்கிட்டே வைங்க, தடுக்குதுன்னா தள்ளாதீங்க.

அந்தப் பழைய தோல் ஹோல்ஸ்டரை ரொம்ப நாள் மனசு வராம பெட்டில வெச்சிருந்தேன். போன வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அதைக் கேட்டான், வெளிப்பார்வைக்கு அவ்வளவு அழகா பளபளன்னு இருக்கும். அவன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரியே கத்தியால வாய்ப்பக்கம் குறுக்க ரெண்டா வெட்டிட்டுத்தான் குப்பைல போட்டேன்.