பபிள் டீ கடையில் பபிள் வாஃபிள்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

1950களில் ஹொங்கொங் தெருக்கடைகளில் பிரபலமான பபிள் வாஃபிளை, அதாவது உருண்டை உருண்டையாகப் பொங்கிய முட்டை வாஃபிளை, கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றின் மெனுவில் சேர்க்க ஒரு மெசினும் கொஞ்சம் மாவும் போதும் என்றுதான் தோன்றும். மா கரைப்பது உண்மையில் சின்ன வேலை. தலையிடி தருவது ஆவியும் நேரமும்.

ஒற்றைத் தட்டு மெசின்கள் பெரும்பாலும் 1,400 முதல் 1,600 வாட். 230 வோல்ட்டில் அது 7 அம்பியர் அளவில் இழுக்கும். பழைய கட்டடங்களின் 5 அம்பியர் பிளக்கில் அடப்டர் வைத்துக் குத்தினால் அடப்டர்தான் முதலில் உருகும். இரட்டைத் தட்டு வாங்குவதானால் 3,000 வாட் வரும். 13 அம்பியர் பிளக்கின் எல்லையே அதுதான், நாள் முழுக்க அப்படி ஓட்டக்கூடாது. இரண்டு ஒற்றை மெசினை இரண்டு தனி லைனில் போடுவதே நல்லது. ஒன்று பழுதானாலும் வியாபாரம் நிற்காது. போபா (பபிள் டீக்குள் போடும் மரவள்ளி ஸ்டார்ச் உருண்டைகள்) அவிக்கும் குக்கரை அந்த லைன்களில் சேர்க்க வேண்டாம்.

பதினாறு வாஃபிளுக்கு அளவு: கோதுமை மா 700 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 140, பேக்கிங் பவுடர் 35, சீனி 600, முட்டை 10, எவாப்பரேட்டட் மில்க் 150 மில்லி, தண்ணீர் 700, எண்ணெய் 125. மரவள்ளிக் கிழங்கை அரைத்த மா வேறு, ஸ்டார்ச் வேறு. மாறிப் போட்டால் வாஃபிள் கனத்துப்போய் மண்மணக்கும். கோதுமை மாவை அதிகம் அடித்தால் றொட்டி மாதிரி இழுபடும், கட்டி கரைந்ததும் நிறுத்திவிட வேண்டும். வடித்து ஒரு மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்க வேண்டும். ஸ்டார்ச் கீழே படியும். கலக்காத வாளியில் முதல் நான்கு வாஃபிள் தொளதொளக்கும், கடைசி நான்கு ரப்பராகும்.

தட்டின் சூடு 180 பாகை செல்சியஸ். குழிகள் முக்கால்வாசி நிரம்ப 170 கிராம் ஊற்றி, மூடியவுடனே திருப்ப வேண்டும். கரைசல் மறுபக்கக் குழிக்குள் விழுவதால்தான் உருண்டைக்குள் வெற்றிடம் உண்டாகிறது. பத்து விநாடி தாமதித்தாலும் அடிப்பக்கம் இறுகி, உள்ளே கெட்டியாகிவிடும். மூன்றரை, நான்கு நிமிடம் போதும். எடுத்தவுடன் கம்பி ரேக்கில் மேசை விசிறிக்கு முன் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் இந்த ஒரு நிமிடத்தை விட்டால் மொறுமொறுப்பே இருக்காது. வாஃபிள் சூடாக இருக்கும்போதே ஐஸ்கிறீம் வைத்தால் சுருட்டிய கோனின் அடி ஊறிப்போகும்.

பார்சலும் டெலிவரியும் இதற்குச் சரிவராது. மூடிய பெட்டிக்குள் ஆவி திரும்ப வாஃபிளிலேயே படியும். ஓட்டை போட்ட பெட்டி கொஞ்சம் தாங்கும், இருபது நிமிடத்துக்கு மேல் அதுவும் இல்லை. மழைக்காலத்தில் பார்சல் மெனுவிலிருந்து எடுத்துவிடலாம்.

மிச்சப் போபாவை ஐஸ்கிறீமுக்கு மேல் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். குளிர் பட்டால் ஸ்டார்ச் இறுகி, சில நிமிடத்தில் கல்லாகிவிடும். போபாவின் சீனிப் பாகை மட்டும் ஊற்றினால் அருமை. கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) அதைவிட நல்லது, விலைதான் கடிக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் "இதில முட்டை இருக்கா?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்று நேரே சொல்லிவிட வேண்டும். முட்டையில்லாமல் செய்தால் தோல் கிழிகிறது. அதையும் இதே தட்டில் சுட்டுவிட்டு சைவம் என்று விற்பது சரியில்லை.

மெசினில் தட்டின் ஒட்டாத பூச்சுதான் சீக்கிரம் தேயும் பகுதி. வாஃபிளைக் கிளப்ப முள்ளுக்கரண்டி வேண்டாம், மூங்கில் குச்சி போதும். ஸ்ப்ரே எண்ணெயில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் லெசித்தின் பிசினாகப் படிந்து கறுக்கும், தூரிகையால் சாதா எண்ணெய் தடவலாம். ஓரத்தால் வழிந்த கரைசல் எலிமென்ட் வயருக்குள் இறங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழும். ஆகவே இரவு பிளக்கைக் கழற்றி, இளஞ்சூட்டில் ஈரத்துணியால் துடைப்பதோடு கீல்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு மெசின் மணிக்கு பன்னிரண்டுக்கு மேல் தராது. டீ ஒரு நிமிடத்தில் கைக்கு வரும் கடையில் வாஃபிள் ஓர்டர்தான் வரிசையை மறிக்கும். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை அதற்கென்று ஓர் ஆள் நிற்காவிட்டால், அந்த நேரத்தில் வாஃபிளை நிறுத்திவிடுங்கள்.