ஒரே இயக்குநர், இரண்டு போர்கள்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் 2016இல் வந்த ‘பேட்டில் ஆஃப் தி பாஸ்டர்ட்ஸ்’, 2019இல் கடைசி சீசனில் வந்த ‘தி லாங் நைட்’ என்ற இரண்டு போர் எபிசோடுகளையும் இயக்கியவர் மிகேல் சப்போச்னிக்தான். அதனால்தான் இரண்டாவது தந்த ஏமாற்றம் இவ்வளவு வலிக்கிறது.

முதலாவதில், தங்கை சான்சா எச்சரித்தும் கேளாமல், தம்பி ரிக்கானுக்காக ஜான் ஸ்னோ ஆத்திரத்தில் தனியே பாய்கிறான். எதிரி ராம்ஸே விரித்த வலையே அதுதான். மனிதக் குவியலுக்கு அடியில் அவன் திணறியபோது எனக்கும் மூச்சு முட்டியது. செய்த தவறுக்கு அங்கே விலை இருந்தது.

இரண்டாவது, நைட் கிங் தலைமையில் வரும் பிணப்படையோடு நடக்கும் போர், 82 நிமிடம். ஜான் பக்கம் நின்ற டோத்ராக்கி குதிரைவீரர்களின் எரியும் வாள்கள் தொலைவில் அணைந்துபோகும் காட்சி அற்புதம். அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அதன் பிறகு திரையில் பாதி இருட்டு. பிணப்படை மொய்த்துக்கொண்ட பிரியென்னும் ஜெய்மியும் அடுத்தடுத்த காட்சிகளில் உயிரோடு நிற்கிறார்கள். தொடரின் முதல் காட்சியிலேயே விதைக்கப்பட்ட அச்சம், நைட் கிங் மீது ஜானின் இன்னொரு தங்கை ஆர்யா குத்தும் ஒரே குத்தில் நொறுங்கிவிடுகிறது. முன்பு ஹார்ட்ஹோம் போரில் ஜானும் நைட் கிங்கும் கண்ணோடு கண் நோக்கினார்களே, அது எதற்காக?

முதல் ஆறு சீசன்களுக்குத் தலா 10 எபிசோடுகள். கடைசிக்கு 6 மட்டுமே. அரசி டேனெரிஸின் வீழ்ச்சியையும் அந்த அவசரமே விழுங்கியது.

முதல் போரை நான்கு முறை பார்த்துவிட்டேன். மற்றதை மறுபடி பார்க்க மனம் வரவில்லை.