பொத்தான் ரீல் தூண்டில் செட்: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

குழந்தைகளுக்கான பொத்தான் ரீல் செட் விலை இறங்கியதிலிருந்து, ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்கலாமா என்ற கேள்வி மறுபடி வர ஆரம்பித்திருக்கிறது. நாலடிக் கம்பு, மூடி போட்ட ரீல், சின்ன டப்பாவில் முள், தக்கை, ஈயம் என்று உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மழைக்காலம் ஏரிக்கரையில் அடிபட்ட பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

கம்பு நின்றது. கண்ணாடி ஃபைபர் என்பதால் மிதித்தாலும் வளைந்து எழுந்துவிடுகிறது. நுனி வளையம் மட்டும் ஒருமுறை கழன்றது, பசை வைத்து ஒட்டியாயிற்று. இதே விலையில் கார்பன் கம்பு கிடைத்தாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கார்பனில் மின்சாரம் பாயும், நம் ஏரிக்கரைகளில் பாதி இடத்தில் தலைக்கு மேல் கம்பி போகிறது.

ரீலும் நின்றது. இந்த வகை ரீலுக்கு வழி போட்டது 1949இல் அமெரிக்காவின் டல்சா நகரத்தில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி. ஹல் என்ற கடிகாரக்காரர் வடிவமைத்துக் கொடுத்தது. உள்ளே பார்த்தால் கடிகாரக்காரர் கை தெரியும். தூண்டில் நரம்பு சுற்றிய உருளைக்கு முன்னால் ஒரு கிண்ணம் சுழல்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் நீட்டி நிற்கும் சின்ன ஆணி நரம்பைப் பிடித்து உருளையில் சுற்றுகிறது. பொத்தானை அழுத்தினால் ஆணி உள்ளே போய்விடும், கிண்ணம் முன்னால் வந்து நரம்பை மூடியோடு நெரித்துப் பிடிக்கும். விரலை எடுத்தால் நரம்பு ஓடும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 'டிக்' என்று ஆணி திரும்ப வெளியே வரும். அந்த 'டிக்' பிள்ளைகளுக்கு மீனைவிடப் பிடிக்கும். மீன் கடிக்காத நாளிலும் ஒரு மணி நேரம் சலிக்காமல் வீசிக்கொண்டிருப்பது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

நிற்காதது நரம்பு. ரீலுக்குள் கம்பெனியே சுற்றி அனுப்பும் நரம்பைச் சொல்கிறேன். 0.35 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன், மாதக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்து சுருள் பழகிப்போனது, வெளியே இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி வருகிறது. இவ்வளவு சின்ன உருளையில் இவ்வளவு தடி நரம்பு படுக்காது. வீசியதும் தளர்ந்த சுருள் மூடிக்குள்ளேயே எழும்பி, கிண்ணத்துக்குப் பின்னால் தண்டில் போய் விழும். பிள்ளை அது தெரியாமல் சுற்றும். நாலாவது சுற்றில் கைப்பிடி இறுகும், பொத்தான் நகராது, அழுகை ஆரம்பிக்கும். 'ரீல் மட்டம், ஒரு வாரத்தில் போச்சு' என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேரின் ரீல் போகவே இல்லை. மூடியை இடப்பக்கம் திருகிக் கழற்றி, தண்டில் சுற்றியதை ஊசியால் எடுத்துவிட்டால் ஓடும்.

சிக்கு விழ இன்னொரு காரணமும் உண்டு, அது நம் பக்கத்துத் தப்பு. முள் பாசியிலோ கல்லிலோ மாட்டினால் பிள்ளை சுற்றுவதை நிறுத்தாது. டிராக் (ஓரளவுக்கு மேல் இழுத்தால் உருளையை வழுக்கவிடும் பிடி) 'கிர்' என்று வழுக்கும், நரம்பு உள்ளே வராது, ஆனால் கிண்ணம் சுழன்றுகொண்டே இருக்கும். கைப்பிடி ஒரு சுற்றுக்குக் கிண்ணம் மூன்று சுற்று என்றால், சும்மா சுற்றிய பத்துச் சுற்றில் நரம்பில் முப்பது முறுக்கு ஏறிவிடும். 'கிர்' சத்தம் கேட்டால் கைப்பிடியை விட்டுவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். மாட்டிய முள்ளைப் பெரியவர்தான் எடுக்க வேண்டும், அதுவும் நரம்பைக் குச்சியில் சுற்றி இழுத்து. கையில் சுற்றினால் அறுத்துவிடும்.

நரம்பு மாற்ற 0.25 மில்லிமீட்டர் தங்கூசி (நைலான்) நரம்பு ஐம்பது மீட்டர் போதும். பழையதை முழுக்க உருவிவிட்டு, புது நரம்பின் முனையை முதலில் மூடியின் ஓட்டை வழியாக விடுங்கள், அப்புறம் உருளையில் கட்டுங்கள். இதை மாற்றிச் செய்துவிட்டு, எல்லாம் சுற்றி முடித்த பிறகு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காதவர் குறைவு. ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் தானாகச் சரியும், ரொம்பக் குறைந்தால் தூரம் போகாது. பிறகு டிராக். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டிக் கம்பால் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும்போது டிராக் லேசாக வழுக்க வேண்டும். டிராக் திருகை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இது முடிந்தால் ரீல் வேறு ரீல். முள் கட்டாமல் ஒரு பெரிய நட்டை மட்டும் கட்டி மொட்டை மாடியில் ஒரு மாலை வீசப் பழக்கினால், அடுத்த வாரம் பத்து மீட்டர் தூரம் நேராகப் போகும். காலடியில் விழுந்தால் விரலை எடுத்தது லேட், வானத்துக்குப் போனால் சீக்கிரம்.

டப்பாவில் வரும் மிச்சத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மூன்று முள் தொங்கும் பிளாஸ்டிக் மீனை அப்போதே எடுத்து ஒளித்து வையுங்கள். சிவப்பு வெள்ளைப் பந்துத் தக்கை நம் ஜிலேபி மீனுக்கு ரொம்பப் பெரிசு. இரையை இழுத்ததும் கனம் தெரிந்து துப்பிவிடும். பழைய ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் தடிமனுக்கு அறுத்த துண்டோ, ஒரு விரல் நீள நெட்டியோ போதும். நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற அளவுக்குக் கனம் கட்டுங்கள். ஈயம் வேண்டாம். பிள்ளைகள் வாயில் வைக்கும், பெரியவர்களே பல்லால் கடித்து நசுக்குவதைப் பார்த்துப் பழகும். இங்கிலாந்தில் அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987லேயே சின்ன ஈயக்குண்டு விற்பனையை நிறுத்தினார்கள். ஹார்டுவேர் கடையின் குட்டி இரும்பு நட்டு அதே வேலையைச் செய்யும். முள் 10ஆம் நம்பர் அல்லது 12, கண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் (நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும்). நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சில மீன் தப்பும், விரலில் ஏறினால் ஆஸ்பத்திரி போகாமல் எடுக்கலாம். தலையில் தொப்பி, கரை வழுக்கும் இடமென்றால் மிதவைச் சட்டை. கெளுத்தி, தேளி மாட்டினால் பிள்ளை தொடவே கூடாது. தேளியின் பக்கத்து முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் பெரிய ஆளே உட்கார்ந்துவிடுவார். ஏரியை யாராவது குத்தகைக்கு எடுத்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சரி, செட் வாங்கலாமா? கம்பு நன்று, ரீல் நன்று, நரம்பு மாற்றினால் வருடக்கணக்கில் ஓடும். ஆனாலும் வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. பிள்ளைக்கென்று விற்கிற சாமானை, பெரியவர் ஒருவர் முதலில் பிரித்து மேய்ந்துதான் கையில் கொடுக்க வேண்டும் என்றால், படம் போட்ட அந்தப் பெட்டிக்கு எதற்குக் காசு? ஆறு வயசுக்கு ஏழடிக் கல்மூங்கில் கழி போதும். நிழலில் காயவைத்து, நுனியில் கழி நீளத்துக்கு ஒரு சாண் குறைவாக நரம்பு கட்டினால், கழியை நிமிர்த்தியதும் மீன் நேராக நெஞ்சுக்கு வரும். சிக்கு விழாது, பொத்தான் இறுகாது. ஜிலேபி பெரும்பாலும் கரையோரமாகத்தான் மேய்கிறது.

இவ்வளவும் கடைக்குள் நுழையும் முன் வரைதான். பிள்ளை அந்தப் பொத்தானை ஒருதரம் அழுத்தி 'டிக்' கேட்டுவிட்டால் மூங்கில் பேச்சு எடுபடாது. அப்படி வாங்கும்படி ஆகிவிட்டால், கூடவே புது நரம்பும் வாங்கி, முதல் முறை ஏரிக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். உருவிய பழையதைக் கரையில் போட்டால் கொக்கின் காலில் சுற்றும், வீட்டுக்கே கொண்டுவாருங்கள். பந்தலில் புடலங்காய் நேராக வளரக் கல் கட்டித் தொங்கவிட அதைவிட நல்ல நரம்பு கிடையாது.