முழங்கால் வரை ஏறும் சாக்ஸ்: நான்கு மாத அனுபவம்

நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள் நான். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறையாது. டாக்டர் சொல்லி, 20–30 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ள கம்ப்ரஷன் சாக்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் வாங்கினேன். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். ரத்தம் மேலேறத் துணை அதுதான்.

மாட்டுவதுதான் பெரும்பாடு! முதல் நாள் பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அப்புறம் ரப்பர் கையுறை போட்டு இழுக்கக் கற்றேன். காலையில் வீக்கம் வருமுன்பே மாட்டிவிட வேண்டும். மேல் விளிம்பை மடித்தால் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். ஒருநாள் மடித்துப் பட்டேன்.

வீக்கம் நன்றாகக் குறைந்தது. காலில் புடைத்த ரத்தக்குழாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. காலில் தமனி அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். துவைத்துத் துவைத்து இப்போது தளர்ந்துவிட்டது, அடுத்த ஜோடி வாங்கணும்.