பிள்ளைங்கள ஆட ஓட வைக்க எது தாங்கும்: ஆப்பா, ஃபிட்னஸ் பேண்டா, யூடியூபா, வாட்ஸாப் குரூப்பா?

எங்க வீட்ல ரெண்டு பேர், பையன் ஒன்பதாவது, பொண்ணு பதினொண்ணாவது. ஸ்கூல், டியூஷன், போன், தூக்கம், இதான் ரெண்டு பேருக்கும் நாள். போன பிடுங்கி வைக்கிறதெல்லாம் எங்க வீட்ல எடுபடாது, சரி அந்த போன வச்சே கொஞ்சம் ஓட வைக்கலாம், ஒழுங்கா சாப்பிட வைக்கலாம்னு ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தாச்சு. முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், நான் வாட்ஸாப் குரூப் கட்சி. அதனால அத பத்தி கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசுவேன், கண்டுக்காதீங்க.

எவ்வளவு ஆடினா போதும்ங்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல ஒரு அளவு சொல்லிருக்கு. 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம், சும்மா உலாத்துறது இல்ல, கொஞ்சம் மூச்சு வாங்கணும். அதுல வாரத்துக்கு 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை குடுக்குற மாதிரி குதிக்கிறது ஓடுறது இருக்கணும். எல்லாரும் சொல்ற 10,000 ஸ்டெப்ஸ் இதுல எங்கயும் கெடையாது, அது 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி ஸ்டெப் எண்ணுற கருவிய விக்கிறதுக்காக வச்ச நம்பர். சோ நிமிஷத்த பாருங்க, ஸ்டெப்ப விட்டுருங்க.

காசு விஷயத்துல பெருசா பேச ஒண்ணும் இல்ல. கையில கட்டி ஸ்டெப் எண்ணுற பேண்ட்க்கு மட்டும் ரெண்டாயிரம் கிட்ட ஆகும், மத்ததெல்லாம் ஓசிலயே ஓட்டலாம். எதையும் ரெண்டு நிமிஷத்துல ஆரம்பிச்சிடலாம், மொத வாரம் எல்லாமே சூப்பரா போகும். என்னைப் பொறுத்தவரைக்கும் பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், புதுசுங்கற மவுசு போனதுக்கு அப்புறமும் அது ஓடுதா, ஓட வைக்க தினமும் யார் என்ன வேலை பாக்கணும்.

இத நான் சும்மா சொல்லல. 2016ல போக்கிமான் கோன்னு நடந்து நடந்து ஆடுற போன் கேம் வந்தப்ப ஊரு உலகமே ரோட்ல எறங்கி நடந்துச்சுல்ல, அந்த வருஷமே அமெரிக்காவுல ஐபோன் வச்சிருந்த 18லேர்ந்து 35 வயசுக்காரங்க எவ்வளவு நடந்தாங்கன்னு எடுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க. மொத வாரம் தினம் சராசரியா 955 ஸ்டெப்ஸ் கூட நடந்திருக்காங்க. அப்புறம் வாரா வாரம் கொறஞ்சு ஆறாவது வாரத்துல பழைய நெலைமைக்கே வந்துட்டாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி செஞ்ச கேமுக்கே ஆறு வாரந்தான் ஆயுசுன்னா பிள்ளைங்க டிக் போட நம்ம வீட்டு செவத்துல ஒட்டுற சார்ட் பேப்பருக்கு எவ்வளவுன்னு நெனைச்சுப் பாருங்க.

சரி, கலோரி ஆப். ஹெல்திஃபைமீ மாதிரி நம்ம நாட்டு ஆப்ல இட்லி, பொங்கல், சாம்பார் எல்லாமே லிஸ்ட்ல இருக்கு, அந்தக் கொறை இப்ப இல்ல. ஆனா தினம் மூணு வேளை, நடுவுல பஜ்ஜி டீ, ஒவ்வொண்ணையும் எத்தன கரண்டி எத்தன கிண்ணம்னு தேடித்தேடி போடணும். வளந்தவங்களே ரெண்டாவது வாரம் விட்டுருவாங்க. இன்னொண்ணு, சமையல் பண்றது பிள்ளைங்க இல்லயே. எண்ணெய் எவ்வளவு ஊத்துறதுன்னு முடிவு பண்றது அடுப்படில நிக்கிற நாங்க, கணக்கு மட்டும் பையன் போன்ல, இதுல என்ன மாறப்போகுது?

அதவிட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. வளர்ற வயசுல தட்டப் பாத்தா நம்பர் தெரியுற பழக்கம் வேணவே வேணாம், அதுலயும் பொண்ணுங்களுக்கு. அமெரிக்காவுல 2019ல டபிள்யூடபிள்யூ (முன்ன வெயிட் வாட்சர்ஸ்னு பேரு, எடை கொறைக்க வழி சொல்ற கம்பெனி) 8லேர்ந்து 17 வயசு பிள்ளைங்களுக்குன்னே கர்போன்னு ஒரு ஆப் விட்டாங்க, சாப்பாட்ட செவப்பு மஞ்சள் பச்சைன்னு பிரிச்சு காட்டும். இது பிள்ளைங்கள சாப்பாட்டப் பாத்தாலே பயப்பட வச்சிரும்னு அங்க பெரிய எதிர்ப்பு. அது போக, 13 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க விவரத்த பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுத்தாங்கன்னு 2022ல அந்த நாட்டு வர்த்தக கமிஷன் கேஸ் போட்டு 15 லட்சம் டாலர் கட்ட வச்சு, எடுத்த விவரத்தையும் அழிக்க சொல்லிச்சு. டாக்டரே எழுதி வைக்க சொன்னா அது வேற, மத்தபடி பதினெட்டு வயசுக்குள்ள இந்தப் பக்கமே போக வேணாம்ங்கறது என் கட்சி.

பேண்ட். பையனுக்கு ரொம்ப ஆசைன்னு வாங்கினது. பாக்க ஜோரா இருக்கும், தூக்கம் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவுன்னு காட்டும், மொத கொஞ்ச நாள் ராத்திரி மொட்டைமாடில நடந்து நம்பர ஏத்தினான். பிரச்சனை எங்கன்னா பையன் நெஜமா ஓடுறதே ஸ்கூல் பிடி பீரியட்லயும் சாயங்காலம் கிரிக்கெட்லயும்தான். ஸ்கூல்ல போனும் கூடாது ஸ்மார்ட் வாட்ச்சும் கூடாது. கிரவுண்ட்ல பந்து பட்டு ஒடஞ்சிரும்னு கழட்டி பேக்ல போட்டுருவான். ஓடாம உக்காந்திருக்கிற நேரம்தான் பேண்ட் கையில இருக்கு! போன்ல இருக்கிற ஸ்டெப் கணக்குக்கும் இதே கததான். இதுக்கு நடுவுல உக்காந்த எடத்துல கையாட்டினாலே கொஞ்சம் ஸ்டெப் ஏறும்னு கண்டுபிடிச்சிட்டாங்க, அக்காவும் தம்பியும் அதுல ஒரு போட்டி வேற. அப்புறம் சார்ஜர், அது அந்த மாடலுக்கு மட்டும் பொருந்துற தனி முள்ளு, தொலைஞ்சா கடைகடையா அலையணும். ஸ்ட்ராப் காது பிஞ்சதோட எங்க வீட்டு பேண்ட் அலமாரிக்குப் போயிருச்சு. பழச வித்துரலாம்னாலும் யாரோ வேர்வைல போட்டத எவன் வாங்குவான்.

யூடியூப் இந்த ரெண்டையும் விட எவ்வளவோ தேவல. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்ப இங்கிலாந்துல ஜோ விக்ஸ்ங்கறவர் தினம் காலைல வீட்டு ஹால்ல நின்னு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு லைவ்ல பிடி எடுத்தார், ஒரே நேரத்துல ஒம்பதரை லட்சத்துக்கும் மேல வீடுகள் பாத்து கின்னஸ் ரெக்கார்டே ஆச்சு. சோ ஸ்க்ரீன வச்சு பிள்ளைங்கள ஆட வைக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. எங்க பொண்ணுக்கு இதுதான் செட் ஆச்சு, வெளிய போய் ஓட கூச்சம், ரூமுக்குள்ள டான்ஸ் ஒர்க்அவுட் போட்டுக்கிட்டு ஆடுவா, மழை நாள் பரீட்சை நாள்ல இது ஒண்ணுதான் கை குடுக்கும். ஆனா வீடியோ முடிஞ்ச அடுத்த நொடி என்ன வருதுங்கறதுதான் பிரச்சனை. ஏழு நாள்ல சிக்ஸ் பேக், இந்தப் பவுடர வாங்கு, தொப்பைய இப்படிக் கரை... உடம்ப ஒப்பிட்டுக் காட்டுற வீடியோவ டீனேஜ் பசங்களுக்கு திரும்பத்திரும்ப தள்ளுறத கொறைக்கிறோம்னு யூடியூபே 2023ல அமெரிக்காவுல ஆரம்பிச்சாங்கன்னா பாத்துக்கோங்க. போன்ல போடாம டிவில போடுங்க, அடுத்த வீடியோ தானா ஓடுற ஆட்டோபிளேய அணைச்சிருங்க, பாதி தொல்லை போயிரும். கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடுறதுக்கு மட்டும் என்கிட்ட வழி இல்ல.

இப்ப நம்ம குரூப். பேரு ‘ஆட்டம் பாட்டம்’. அண்ணன் பிள்ளைங்க கரூர்ல, மச்சினன் பிள்ளைங்க மதுரைல, நாங்க திருச்சி, ஒரு சித்தப்பா துபாய்ல. நைட் சாப்பாட்டுக்குள்ள அவங்கவங்க இன்னைக்கு என்ன ஆடினாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட்டோ போட்டோவோ போடணும், அவ்வளவுதான். கபடில முட்டி செராய்ச்சது, சைக்கிள்ல ரேஷன் கடைக்கு போனது, மொட்டைமாடில ஷட்டில், எல்லாமே கணக்கு. நம்பர் கேக்குறதே இல்ல. கையாட்டி ஏமாத்த இதுல ஒண்ணும் இல்ல, பொய் சொன்னா கூட ஆடின இன்னொருத்தன் காட்டிக் குடுத்துருவான்.

ஆப்ல ஒரு நாள் போடலன்னா ஒரு நோட்டிஃபிகேஷன் வரும், தள்ளி விட்டுட்டு போயிருவாங்க. இங்க எங்கம்மா வாய்ஸ் நோட் போடுவாங்க, ‘என்னடா தம்பி, இன்னைக்கு சத்தத்தையே காணோம், ஒடம்பு சரியில்லயா’ன்னு. அப்பாயி கேட்டுட்டா பதில் சொல்லாம இருக்க முடியுமா? ஆறு வாரம் எப்பவோ தாண்டியாச்சு, இன்னும் ஓடுது, அதுக்கு நான் சொல்ற ஒரே காரணம் இதுதான், மறுமுனைல தெரிஞ்ச மனுஷன் ஒருத்தர் இருக்கார். செலவு இல்லன்னு சொல்லல, அந்த மனுஷனோட நேரம்தான் செலவு. தினம் யாராவது ஒரு பெரியவங்க கேக்கணும், பதில் போடணும், சிரிக்கணும். எங்க வீட்ல அம்மா இருக்காங்க, அதனால ஓடுது. அப்படி ஒரு ஆள் இல்லாத குரூப் நாலே நாள்ல குட்மார்னிங் ரோஜாப்பூ குரூப்பா மாறிடும்.

சட்டம் கொஞ்சம் வச்சிருக்கோம். எடை பேசக்கூடாது, ‘குண்டு’, ‘ஒல்லி’ன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது, மாமாவா இருந்தாலும் சரி. ஆடுறதுக்கு முன்ன பின்ன உடம்பு போட்டோ கெடையாது. பெரியவங்களும் போடணும், நான் போடலன்னா பையன் மொத ஆளா கேட்டுருவான். வாட்ஸாப்க்கு 13 வயசு ஆகணும்ங்கறதால சின்னதுங்க அவங்கம்மா போன்லேர்ந்து பேசுவாங்க. லீவு நாள்ல சில தடவ எல்லாரும் அவங்கவங்க ஊர்லயே சேந்து நடக்குறதும் உண்டு. 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் ஹெல்த் வாக் பாதை ஆரம்பிச்சாங்கல்ல, எங்க பிள்ளைங்க அந்தந்த ஊர்ல அதுல நடந்து, எந்த ஊர் பாதை நல்லா இருக்குன்னு ஒரே சண்டை.

சாப்பாட்டு விஷயத்துல குரூப் அந்தளவுக்கு எடுபடல, உண்மைய சொல்லணும்ல. 2024ல ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கான தட்டுன்னு ஒரு படம் போட்டிருக்காங்க, அதுல பாதிக்கு காய், கீரை, கிழங்கு, பழம்தான். அத குரூப்ல போட்டு, மதிய தட்டு போட்டோவுல பாதி காய் இருக்கான்னு ஞாயித்துக்கெழமை மட்டும் பாக்குறோம். இதுல மாறினது பிள்ளைங்க இல்ல, சமைக்கிற நாங்க, போட்டோ எடுக்கணுமேன்னு ஒரு பொரியல் சேத்து வைக்கிறோம். வெளிய போனா பரோட்டா பரோட்டாதான்.

பொண்ணு ப்ளஸ் டூ போனதுக்கு அப்புறம் இது நிக்குமான்னு தெரியாது, இப்பவே வாரத்துல பாதி நாள்தான் போடுறா, அதுவும் அந்த டான்ஸ் வீடியோ பேரு மட்டும். ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு சொந்தக்காரங்க குரூப்ப விட ரூம்மேட் குரூப் நல்லா ஓடலாம்னு தோணுது, எங்க வீட்ல யாரும் ஹாஸ்டல்ல இல்ல. ஒத்தப் பிள்ளை, வயசொத்த சொந்தம் யாரும் இல்லன்னா அபார்ட்மென்ட் பிள்ளைங்க நாலு பேர சேத்து பாருங்க, அங்க மட்டும் கேக்குற பெரியவர் யாருன்னு மொதல்லயே பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் பிள்ளை பேண்ட்தான் வேணும்னு அடம் பிடிச்சா வாங்கிக் குடுங்க, ஆனா ரெண்டாயிரத்துக்கு மேல போகாதீங்க, ஸ்ட்ராப்பும் சார்ஜரும் தனியா உங்க ஊர் கடைல கெடைக்கிற மாடலான்னு கேட்டுட்டு வாங்குங்க.