வெள்ளரிப் பச்சடியா, மாங்காய்ப் பச்சடியா?

சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கவே பிடிக்காது, ஆனால் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டில் போட்டி எப்போதும் இந்த இரண்டுக்கும்தான்.

வெள்ளரிக்கு அடுப்பே தேவையில்லை. இரண்டு பிஞ்சைப் பொடியாக நறுக்கி, ஒரு கப் புளிக்காத கெட்டித் தயிரில் போட்டு, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டால் 10 நிமிடத்தில் வேலை முடிந்தது (கடுகு தாளித்தால் ருசிதான், தாளிக்காவிட்டாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை). ஒரே தொல்லை, வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், உப்பு பட்டதும் அது வெளியே வந்து பச்சடி நீர்மோராகிவிடும். அதனால் பரிமாறும்போதுதான் உப்பு. மதியம் மிஞ்சியதை ராத்திரிக்கு வைத்தால் புளித்துவிடும்.

மாங்காய்க்கு 20 நிமிடம் வியர்க்க வேண்டும். தோல் சீவி நறுக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்டு வேகவிட்டு, குழைந்த பிறகே வெல்லம் சேருங்கள். முன்னாலேயே போட்டால் துண்டுகள் சரியாக வேகாமல் அப்படியே நிற்கும். புளிப்பைப் பார்த்துத்தான் வெல்லத்தின் அளவு, கணக்கெல்லாம் கிடையாது. சித்திரை முதல் நாள் இதிலேயே நெய்யில் வறுத்த வேப்பம்பூவும் சேரும். மறுநாள் தோசைக்கும் ஆகும், இதனாலேயே என் ஓட்டு இதற்கு.

சரி, தக்காளி சாதம், புலாவ் என்றால் வெள்ளரி. தயிர் சாதத்துக்கு மாங்காய்தான், தயிருக்குத் தயிரையே தொட்டுக்கொண்டு என்ன செய்வது?