அடிபட்ட பின் எது தாங்கும்? டிரோன் கைகளுக்கான கார்பன் இழை வகைகள்

திருவையாறு, பாபநாசம் பக்கத்துச் சம்பா வயல்களில் பத்து லிட்டர் மருந்துத் தொட்டியோடு பறக்கும் டிரோன், தென்னை மட்டையில் உரசி வரப்பில் விழுந்தாலும், மோட்டாரைத் தாங்கும் அதன் கார்பன் இழைக் கை பார்வைக்கு முழுசாகவே தெரியக்கூடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மேலே சிறு பள்ளம்கூட இல்லாத நிலையிலும், உள்ளே இழைகளை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி என்ற பிசின் (ரெசின்) விரிசல் கண்டு அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்படிப் பிரிந்த கை இழுவிசையை ஓரளவு தாங்கினாலும், அழுத்தவிசை வந்தால் மெல்லிய தகடுகளாக நெளிந்து முறியும். ஆகவே, எந்தப் பொருளில் தழும்பு குறைவு என்பதைவிட, அடிபட்ட பின் எது அதிக அழுத்தத்தைத் தாங்குகிறது என்பதையே ஒப்பிட வேண்டும். சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி7136 முறைப்படி 150×100 மி.மீ. தகட்டின் மேல் எடையை விழச்செய்து, பிறகு டி7137 முறைப்படி அதே தகட்டை நெருக்கி அளப்பது இதற்காகத்தான்.

எபாக்சியில் ரப்பர் துகள் கலப்பது எளிய வழி. ரெசினைத் தனியாகச் சோதித்தால் விரிசலைத் தடுக்கும் திறன் பல மடங்கு கூடியிருக்கும். ஆனால், நெருங்கிக் கிடக்கும் இழைகளுக்கிடையே ரெசின் நெளிந்துகொடுக்க இடம் இல்லாததால், அந்த ஆதாயம் முழுவதும் தகட்டுக்கு வந்து சேர்வதில்லை. விறைப்பும் சூடு தாங்கும் திறனும் சற்றுக் குறையும் என்பதை, கத்திரி வெயிலில் களத்துமேட்டில் டிரோனை நிறுத்துபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுக்குகளுக்கு நடுவே மட்டும் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) துகள்களை வைக்கும் முறை, விரிசல் ஓடக்கூடிய பாதையிலேயே ரெசினுக்கு அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது. போயிங் 787 விமானத்தில் பயன்படும் டோரே நிறுவனத்தின் 3900-2 ரெசின் இவ்வகையே. எபாக்சியையே விட்டுவிட்டுப் பீக் (PEEK) என்ற தெர்மோபிளாஸ்டிக்குக்கு மாறினால் அடுக்குகள் இன்னும் எளிதில் பிரியா. ஆனால், அது உருகுவதற்கே 343 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால், சாதாரணப் பட்டறைக்கு எட்டாது. அடுக்குகளைக் குறுக்கே தைத்தால் பிரிவு பரவாது. ஊசி இழைகளைக் குலைப்பதால் மெல்லிய குழாய்க்கு அது வேண்டாம்.

என் தேர்வு, அடுக்குகளுக்கு நடுவே துகள் வைத்த வகையின் மேல் ஓர் அடுக்குக் கண்ணாடி இழை. எடை கொஞ்சம் கூடினாலும், கறுப்புக் கார்பன் மறைக்கும் அடியை அது வெளுத்துக் காட்டிவிடும். அந்த அடுக்கு இல்லாத கையை, பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல, நாணயத்தால் நெடுகத் தட்டிப் பார்க்கலாம். பிரிந்த இடத்தில் ஓசை மங்கிப் பொத்தென்று கேட்கும்.